தைப்பிங்குக்கு அரை நாள் போதுமா? (மலேசியா, பேராக் மாநிலம்)

கூடல்நகர்ப்_பயணி
பினாங்கில் 4 நாள், கோலாலம்பூரில் 3 நாள் என்று திட்டம். இடையில் தைப்பிங்கைச் சேர்க்கலாமா என்று யோசனை. காலையில் இறங்கி, ஏரிப் பூங்காவைப் பார்த்துவிட்டு, மாலை ரயிலில் கிளம்பினால் சரியாக வருமா? 3 பேர், அதில் அம்மாவுக்கு 68 வயது. கார் ஓட்ட மாட்டோம். சைவம்.

மழைக்குடை
அரை நாள் வேண்டாம். 2 இரவு தங்குங்கள். முடியாவிட்டால் 1 இரவாவது. காரணம் மழைதான்.

தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மி.மீ. பெய்கிறது. தீபகற்ப மலேசியாவில் இவ்வளவு மழை பெறும் ஊர் வேறில்லை என்பார்கள். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று ஊருக்குப் பின்னால் சுவர்போல் எழும் லாருட் மலையில் முட்டி மேலே ஏறுகிறது. காலை வெயிலில் நிலம் சூடாகி, மதியத்துக்குப் பின் இடியோடு கொட்டும். ஆகவே பெரும்பாலான நாட்களில் காலை தெளிவாக இருக்கும், பிற்பகல் 3-க்கு மேல் நம்ப முடியாது. பினாங்கிலிருந்து 11 மணிக்கு வந்து இறங்குபவருக்குக் கிடைப்பது உச்சி வெயிலும் அதற்கடுத்த மழையும்தான். பூங்காவின் நல்ல நேரமான காலை 6:45 முதல் 9 வரையும், மழை ஓய்ந்த மாலையும் கை நழுவிப் போகும்.

அக்டோபர், நவம்பர், ஏப்ரலில் மழை கூடுதல். ஜூன், ஜூலையில் கொஞ்சம் குறையும். குறையும் என்றால் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, குடை எந்த மாதத்திலும் வேண்டும். மழைக்கோட்டை விடக் குடை நல்லது. அந்தப் புழுக்கத்தில் கோட்டுக்குள் வேர்த்தே நனைந்துவிடுவோம். அம்மாவுக்குப் பிடிப்பான ரப்பர் அடிச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். பழைய கடைவீதியின் ஐந்தடி நடைபாதையில் ஓடு பதித்திருப்பார்கள், கடைக்குக் கடை படி உயரமும் மாறும். ஈரத்தில் வழுக்கி விழுவது அங்கேதான்.

தண்டவாளம்
போக்குவரத்தை நான் சொல்கிறேன்.

பினாங்கிலிருந்து: ஜார்ஜ் டவுனில் படகேறி பட்டர்வொர்த்தில் இறங்கினால் ரயில் நிலையம் பக்கத்திலேயே. அங்கிருந்து தெற்கே போகும் கொம்யூட்டர் (குறுந்தூர ரயில்) தைப்பிங்கில் நிற்கும். முன்பதிவு கிடையாது, கட்டணம் மிகக் குறைவு. ஆனால் வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி அதிகம். ஒன்றைத் தவறவிட்டால் நிலையத்தில் நெடுநேரம் உட்கார வேண்டியதுதான். கால அட்டவணையைப் பார்த்து அதற்கேற்பப் படகைப் பிடியுங்கள்.

தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூருக்கு: இ.டி.எஸ். என்ற மின்சார விரைவு ரயில், கோலாலம்பூர் சென்ட்ரல் வரை 3 முதல் 3½ மணி நேரம். இதற்கு முன்பதிவு கட்டாயம். பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி நாட்களில் வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பெயரும் எண்ணும் கொடுங்கள்.

பஸ்ஸில் வருபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "தைப்பிங்" என்று சீட்டு விற்கும் தொலைதூரப் பஸ்களில் பல ஊருக்குள் வராது. கமுந்திங் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அது நகரிலிருந்து சுமார் 7 கி.மீ. பகலில் கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) கிடைக்கும், இரவு 11-க்கு மேல் சிரமம். ரயில் நிலையமோ நகர மையத்திலிருந்து நடக்கும் தூரம். உங்களுக்கு ரயில்தான் சரி.

ஐந்தடிப்பாதை
ஊருக்குள் எப்படிச் சுற்றுவது என்பதற்கு என் கணக்கு.

முதல் காலை ஏரிப் பூங்கா. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களில் தண்ணீர் தேங்கி ஏரிகளான இடம் அது. 1880-களில் பூங்காவாக்கினார்கள். ஏரிக்கரைச் சாலையின் ஓரமாக நிற்பவை நம் ஊர்த் தூங்குமூஞ்சி மரங்கள்தான், ஆனால் இந்த அளவில் பார்த்திருக்க மாட்டீர்கள். சாலையின் ஒரு பக்கம் வேர். கிளைகள் சாலைக்கு மேலே குறுக்காகக் கிடந்து, மறுபக்கம் தாழ்ந்து ஏரித் தண்ணீரைத் தொடும். தொடையளவு தடித்த கிளையின் மேல்புறம் முழுக்கப் பறவைக்கூடு பெரணி, அதற்குக் கீழே பாசி, அதிலிருந்து சொட்டும் நீர். காலை 7 மணிக்கு ஏரியில் காற்று இருக்காது. கிளையும் அதன் நிழலும் சேர்ந்து வட்டமாகத் தெரியும். 8:30-க்கு மேல் காற்று எழுந்தால் அந்தக் காட்சி கலைந்துவிடும். மரங்களுக்கு வயது நூறுக்கு மேல். பலத்த காற்றிலும் மழைக்குப் பின்னும் கிளை முறிவது உண்டு, அந்த நேரத்தில் அடியில் நிற்காதீர்கள். அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை, அம்மா நிம்மதியாக நடக்கலாம்.

வெயில் ஏறியதும் பேராக் அருங்காட்சியகம். 1883-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழமையானது. எதிரே 1879-இல் கட்டிய சிறைச்சாலை இன்றும் சிறைதான், அந்த மதிலைப் படம் எடுக்க நிற்க வேண்டாம். பக்கத்தில் 1886-இன் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம், முழுக்க மரம். ஜாலான் கோத்தாவில் பழைய மணிக்கூண்டு. இவற்றை ஒரே காலையில் முடித்துவிடலாம்.

பகல் 2 முதல் 5 வரை அறைக்குத் திரும்பிவிடுங்கள். இந்த ஊரில் அது நேர விரயம் ஆகாது.

மிருகக்காட்சிச் சாலை பூங்காவை ஒட்டியே இருக்கிறது. இரவு 8 மணிக்கு மேல் திறக்கும் இரவு உலாவுக்குப் போங்கள். பகலில் பாதி விலங்குகள் நிழலில் படுத்துக்கிடக்கும்.

கூடல்நகர்ப்_பயணி
மிக்க நன்றி. 2 இரவு என்று மாற்றிவிட்டேன். மூன்று கேள்வி: பழைய மேக்ஸ்வெல் மலைக்கு ஜீப் போகுமா? சைவ உணவுக்கு என்ன செய்வது? பக்கத்து மீனவர் ஊரான கோலா செப்பெத்தாங் போவது அவசியமா?

மழைக்குடை
மலையை அம்மா இல்லாத காலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

1884-இல் மலை வாசத்தலமாக்கி மேக்ஸ்வெல் ஹில் என்றார்கள். இன்றைய பெயர் புக்கிட் லாருட். தனியார் வண்டிகளுக்கு எப்போதுமே அனுமதியில்லை, அரசு ஜீப் மட்டும்தான். அந்த மலையில் மண்சரிவு வாடிக்கை. சரிந்தால் ஜீப் சேவை நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் நிற்கும். ஆகவே ஜீப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள். முதல் நாள் மாலையே அடிவாரத்தில் போய், ஜீப் ஓடுகிறதா, நடப்பவர்களை எதுவரை விடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நடப்பது தார்ச்சாலைதான், ஆனால் செங்குத்து. உச்சி வரை போய்த் திரும்ப முழு நாள் ஆகும். பாதி வழியில் தேயிலைத் தோட்டம் இருந்த இடம் வரை போய்த் திரும்பினாலே போதும். காலை 7-க்குத் தொடங்கி, எங்கே இருந்தாலும் 11-க்குத் திரும்பிவிட வேண்டும். பிற்பகல் மழையில் அந்தத் தார் பாசிபிடித்த குளப்படி மாதிரி ஆகிவிடும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் போகும். சாலை ஓரப் புல்லில் அட்டை உண்டு. கால்சட்டையை காலுறைக்குள் செருகி, ஒரு பொட்டலம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 1½ லிட்டர் தண்ணீர்.

அம்மாவோடு போவதென்றால் அடிவாரத்துப் போர்க் கல்லறைத் தோட்டம். அதைப்பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்கள்.

இலைச்சாப்பாடு
சைவத்துக்கு: "வெஜிடேரியன்" என்ற ஒரே சொல்லை நம்பாதீர்கள். காய்கறிதான் என்று சொல்லிக் கொடுக்கும் சம்பாலில் (மிளகாய்த் தொக்கு) பெலாச்சான் இருக்கும், அது இறால் விழுது. கீரை வதக்கலில் நெத்திலி கிடக்கும். மலாய்க் கடையில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: "தாக் மாவ் டாகிங், தாக் மாவ் ஆயாம், தாக் மாவ் இக்கான், தாக் மாவ் உடாங், தாக் மாவ் பெலாச்சான்." மாட்டிறைச்சி, கோழி, மீன், இறால், பெலாச்சான் வேண்டாம் என்று பொருள். முட்டையும் வேண்டாம் என்றால் "தாக் மாவ் தெலூர்" சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டையை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

ஊரில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. காலை இட்லி, தோசை, மதியம் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். மாலையில் பல கடைகள் சீக்கிரம் மூடிவிடும், இரவு 8-க்குள் சாப்பிட்டுவிடுங்கள். சீனச் சைவக் கடைகளின் முகப்பில் 素 என்ற எழுத்து இருக்கும். அங்கே கறி மாதிரி தெரிவதெல்லாம் சோயாவும் காளானும்தான், பயப்பட வேண்டாம்.

செண்டோல் கட்டாயம். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் அன்சாரி கடை ஊரறிந்தது. பாண்டான் இலைச் சாறு சேர்த்த பச்சை இழை, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சீவிய பனிக்கட்டி. இவ்வளவுதான், முழுச் சைவம். கேட்டால் வேகவைத்த சிவப்புப் பீன்ஸும் போடுவார்கள். வாங்கியதும் கலக்காதீர்கள். பாகு அடியில் நிற்கட்டும். முதலில் பாலும் பனியும், கடைசியில் வெல்லம் என்று சுவை ஏறி வரும். அங்கேயே கிடைக்கும் பசெம்போர் என்ற காய்கறிக் கலவையில் இறால் வடை இருக்கும், சைவர்கள் தவிர்க்கவும்.

காப்பிக்கு ஆன்தோங் ஆலை, 1933-இலிருந்து நடக்கிறது. விறகடுப்பில் கொட்டையை வறுத்து, சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக்கப் புரட்டுவார்கள். அதனால்தான் இந்த ஊர்க் காப்பி டிகிரி காப்பி போல இராது, கருப்பட்டி கருகிய வாசம் வரும். பால் சேர்க்காமல் வேண்டும் என்றால் "கோப்பி ஓ", சர்க்கரையும் வேண்டாம் என்றால் "கோப்பி ஓ கோசோங்". வெறும் "கோப்பி" என்று கேட்டால் கெட்டியான இனிப்புப் பாலோடுதான் வரும்.

சுரபுன்னை
கோலா செப்பெத்தாங் அவசியமா என்றால், என்னைக் கேட்டால் தைப்பிங்குக்குப் போவதே அதற்காகத்தான்.

ஊரிலிருந்து மேற்கே அரை மணி நேரத்துக்குள். வழியில் மாத்தாங் என்ற ஊர். அதன் பெயரில் உள்ள சுரபுன்னைக் (அலையாத்தி) காடு சுமார் 40,000 ஹெக்டேர். 1900-களின் தொடக்கத்திலிருந்து வெட்டி, நட்டு, மீண்டும் வெட்டி வருகிறார்கள், காடு இன்றும் காடாகவே நிற்கிறது. ஒரு பகுதியை வெட்டினால் அடுத்த வெட்டு 30 ஆண்டு கழித்து. இடையில் 15-ஆம் ஆண்டு ஒருமுறை, 20-ஆம் ஆண்டு ஒருமுறை கலைப்பு, அதாவது நெருக்கத்தைக் குறைக்கும் வெட்டு. 4 அடிக் கோலை ஒரு நல்ல மரத்தின் அடியில் வைத்துச் சுற்றுவார்கள். அந்த வட்டத்துக்குள் நிற்கும் மற்றவற்றை வெட்டி எடுப்பார்கள். இரண்டாம் கலைப்பில் கோல் 6 அடி. கணக்கு அவ்வளவு எளிது, அவ்வளவு ஒழுங்கு. மரப்பாதை போட்ட வனப்பூங்கா ஒன்று சாலையோரமே இருக்கிறது, அம்மா நடக்கலாம். கடல் ஓதம் ஏறும்போது பார்த்தால் வேர்களுக்குள் தண்ணீர், இறங்கியபின் பார்த்தால் சேற்றில் நண்டும் சேற்றுத்தாவி மீனும்.

பிறகு அந்த மரத்தைக் கரியாக்கும் கரிச்சூளை. செங்கல்லும் களிமண்ணும் சேர்த்துக் கட்டிய குவிமாடங்கள், ஒவ்வொன்றும் இரண்டாள் மூவாள் உயரத்துக்கு மேல். பட்டை உரித்த கட்டைகளை, ஏறக்குறைய 5¼ அடி நீளம், உள்ளே செங்குத்தாக நிறுத்துவார்கள். கட்டை தரையைத் தொடாமல் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மண்வில்லை. தொட்டால் அடிப்பகுதி வேகாமல் விறகாகவே நின்றுவிடும். ஒரு சூளைக்கு சுமார் 40 டன் பச்சை மரம், கிடைக்கும் கரி சுமார் 10 டன்.

சூளையின் வாயில் எரியும் தீ கட்டைகளைத் தொடுவதில்லை. அனல் மட்டுமே உள்ளே போய் ஈரத்தை விரட்டுகிறது. முதல் 10 நாள் போலப் பெருந்தீ. பிறகு வாயைச் சுருக்கி, ஏறத்தாழ 2 வாரம் சிறுதீ. பிறகு எல்லாத் துளையும் அடைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆறவிடுவார்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மாதம். வெப்பமானியைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, புகையின் நிறத்தையும் மணத்தையும் வைத்துத்தான். தொடக்கத்தில் வெள்ளையாக, ஈரமாக, புளிப்பு நெடியோடு வரும். வெந்து முடியும்போது மெலிந்து போகும். ஆறும் காலத்தில் ஒரு விரிசல் வழியாகக் காற்று புகுந்தால் போதும், ஒரு மாத உழைப்பு சாம்பலாகிவிடும். அதனால் அடைத்த சூளையின் சுவரைத் தட்டுவது, சாய்வது, கீறுவது எதுவும் கூடாது.

காலை 9 முதல் 11 வரை போங்கள், ஆட்கள் வேலையில் இருப்பார்கள். உள்ளே புகையும் சூடும் உண்டு. ஆஸ்துமா இருப்பவர்கள் வெளியிலேயே நிற்கட்டும். வெளிர் நிறத் துணி வேண்டாம்.

மாலையில் படகு: ஆற்றுமுகம், மீனவர் குப்பம், செம்பருந்து, இருட்டியபின் மின்மினி. படகில் ஏறுமுன் உயிர்காப்பு மேலங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். திரும்பி வரும்போது அங்கே கிராப் கிடைக்காது. கொண்டுபோய் விடும் ஓட்டுநரையே காத்திருக்கச் சொல்லி, போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஒரே தொகை பேசிவிடுங்கள்.

கழிமுகம்
சுரபுன்னை அண்ணே, செம்பருந்தை நீங்கள் சாதாரணமாகச் சேர்த்துவிட்டீர்கள். படகுக்காரர்கள் கோழித்தோலை வீசி வரவழைத்தால்தான் அது கூட்டமாக வரும். தோலில் பெரும்பாலும் கொழுப்புதான். மீனும் நண்டும் பிடித்துத் தின்னும் பறவையைப் படகுச் சத்தத்துக்குப் பழக்குவது தவறு. "தீனி போடாத படகு வேண்டும்" என்று பயணிகள் கேட்டால்தான் மாறும்.

சுரபுன்னை
ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. ஆனால் படகுத் தொழிலை ஒதுக்கிவிடாதீர்கள் என்பதும் என் கட்சி. மின்மினி மொய்க்கும் பெரெம்பாங் மரங்கள் ஆற்றங்கரையில் நிற்கின்றன. அவற்றை வெட்டாமல் வைத்திருக்க ஊருக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் இந்தப் படகு வருமானம். ஆகவே தீனி வேண்டாம் என்று சொல்லியே படகை எடுங்கள். பருந்து அந்தக் கழிமுகத்தில் எப்படியும் வட்டமிடும், பத்துக்குப் பதில் இரண்டு தெரியும், அவ்வளவுதான்.

யாழ்_இருப்புப்பாதை
கோலா செப்பெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்குக்கும் அதற்கும் இடையேதான் திறக்கப்பட்டது, சுமார் 13 கி.மீ. தைப்பிங்கின் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக. பாதை போட இலங்கையிலிருந்து பயனியர் படையினரைக் கொண்டுவந்தார்கள். பின்னால் மலாயா ரயில்வேயில் யாழ்ப்பாணத்தவர் பல தலைமுறை வேலை பார்த்தார்கள். தண்டவாளம் இப்போது இல்லை. கடைவீதியில் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் தமிழும் இருக்கிறது. கடைகளுக்கு நடுவே இருப்பதால் பலர் பார்க்காமலே மீன்கடைக்குப் போய்விடுகிறார்கள். ஓட்டுநரிடம் "போர்ட் வெல்ட் பலகை" என்று சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

மழைக்குடை கேட்ட கல்லறைத் தோட்டம்: இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் யாரென்றே தெரியாதவர்கள். மலைக்குப் போகும் சாலை நடுவே பிரிக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவர், மறுபக்கம் முஸ்லிம்களும் கூர்க்கா, இந்தியப் படையினரும். வருபவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சாலையைக் கடந்து மறுபக்கமும் போங்கள். காலை வெயிலில் கல்லெழுத்து பக்கவாட்டு நிழலோடு தெளிவாகத் தெரியும். தரை சமமான புல், அம்மாவுக்குச் சிரமமில்லை.

மாத்தாங்கில், அந்தக் காலத்து மலாய்த் தலைவர் ஙா இப்ராகிமின் கோட்டையையும் விட்டுவிடாதீர்கள். 1875 நவம்பரில் ஆங்கிலேய ஆளுநர் பிரதிநிதி பர்ச் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த இடம் அது. வழியிலேயே இருக்கிறது, முக்கால் மணி நேரம் போதும்.

ஐந்தடிப்பாதை
ஊரின் பெயரும் அந்தக் காலத்துக் கதைதான். ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீனக் குழுக்கள் 1861-இலிருந்து இங்கே மோதிக்கொண்டன. 1874-இல் ஆங்கிலேயர் தலையிட்டு பங்கோர் ஒப்பந்தம் ஏற்பட்டபின், கிளியான் பாவ் என்றிருந்த ஊருக்கு "பேரமைதி" என்ற பொருளில் தைப்பிங் என்று பெயர் வைத்தார்கள். பிறகு 1937 வரை பேராக்கின் தலைநகர். தலைநகர் ஈப்போவுக்குப் போனதால்தான் இங்கே பழைய கட்டடங்களை இடித்து உயரமாகக் கட்டும் அவசரம் வரவில்லை.

தண்டவாளம்
விட்டுப்போன ஒன்று. மலேசியாவுக்குள் நுழையுமுன் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், வந்திறங்கும் நாளுக்கு 3 நாள் முன்னதாகத்தான் திறக்கும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். 3 பேருக்கும் தனித்தனியாக நிரப்பி, படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடல்நகர்ப்_பயணி
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மின்மினிக்கு எந்த நாள் நல்லது? நாங்கள் போகும் வாரத்தில் பௌர்ணமி வருகிறது. பயணத்தையே தள்ளிவைக்க வேண்டுமா?

சுரபுன்னை
தள்ளிவைக்க வேண்டாம், பினாங்கு, தைப்பிங் நாட்களைச் சற்று முன்பின் நகர்த்தினால் போதும். நிலா வெளிச்சத்தில் மின்மினியின் ஒளி மங்கிவிடும், அமாவாசையை ஒட்டிப் போவதே சிறப்பு. ஆனால் நம் தினசரி நாட்காட்டியில் இன்னொரு வழி இருக்கிறது. பௌர்ணமியன்று நிலா அந்தி சாயும்போதே எழும், அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாகும். அங்கே இருட்டுவது 7:40 வாக்கில், மின்மினிப் படகு 8 மணியை ஒட்டி. ஆகவே தேய்பிறைத் திருதியைக்கு மேல் எந்த நாளும் படகு திரும்பிய பிறகுதான் நிலா வரும். வளர்பிறையில் இது நேர்மாறு. பஞ்சமி தாண்டிவிட்டால் அந்தியிலேயே நிலா தலைக்கு மேல் நிற்கும். பௌர்ணமிக்கு முன்னால் பினாங்கு, தேய்பிறைச் சதுர்த்தி, பஞ்சமியில் தைப்பிங் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை மழை பெய்தால் பூச்சிகள் இலைக்கடியில் ஒதுங்கிவிடும். ஆகவே படகை இரண்டு இரவில் முதல் இரவுக்கே பேசுங்கள், மழை வந்தால் மறுநாள் இருக்கிறது. டார்ச், கேமரா ஃபிளாஷ் இரண்டும் கூடாது. கைபேசித் திரை வெளிச்சம்கூட கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்கும், படகில் ஏறியதும் பைக்குள் போட்டுவிடுங்கள். கொசு மருந்தைக் கரையிலேயே தடவிக்கொள்ளுங்கள், மரத்துக்குப் பக்கத்தில் தெளிக்க வேண்டாம்.